பெட்டி மேல் எழுதிய ‘போ’

என் சின்ன மருமகளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். பழக் கிடங்கில் அவள் பம்பரம். தெருவில் பம்பரம். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. உட்கார்ந்து அவள் ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கையால் அடுப்பைத் துடைப்பாள். பேசும்போது கதவுக் கொண்டியை ஆட்டுவாள். பேச்சு முடிவதற்குள் கொண்டி கழன்று கையோடு வந்துவிடும். பிறகு அதை முடுக்கி வைப்பதும் அவள்தான்.

அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இதை எழுதித் தருகிறவர் நான் சொல்கிறபடியே எழுத வேண்டும், மழுப்பக் கூடாது. எனக்கும் அவளுக்கும் ஆகாத இடங்களும் அதில் உண்டு.

தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அக்காள்தான் வளர்த்தாள். அப்பா மூட்டை தூக்குகிறவர். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் இருப்புக் கொள்ளாமல் நெளிகிறாள் என்று வாத்தியார் வெளியே நிற்க வைத்திருக்கிறார். நின்றவள் அப்படியே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். எழுத்தில் பாதிதான் அவளோடு வந்தது. மீதி வகுப்புக்குள்ளேயே தங்கிவிட்டது. பிறகு பொத்தான் தைக்கும் கம்பெனிக்குப் போனாள். அது உட்கார்ந்து செய்கிற வேலை, ஒத்துவரவில்லை. பாட்டில் கழுவப் போனாள். தொட்டிக்கு முன்னால் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், அதுவும் சரிப்படவில்லை. இப்படிப்பட்டவளை என் இரண்டாவது மகனுக்குக் கட்டி வைத்தோம். அவன் ஒரு வங்கி வாசலில் இரவுக் காவல்காரன். உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறவனுக்கு உட்காரத் தெரியாத பெண்டாட்டி. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல்.

அவளுக்கென்றே செய்து வைத்தாற்போல் ஒரு வேலை பழக் கிடங்கில் கிடைத்தது. கமலா, சாத்துக்குடி, எலுமிச்சை என்று புளிப்புப் பழங்கள் மட்டும் வந்து இறங்குகிற கிடங்கு அது. சாய்வாக ஒரு நீள மேசை. அதன் மேல் பழங்கள் உருண்டு வரும். இரண்டு பக்கமும் பெண்கள் நின்று பொறுக்குவார்கள். இரண்டு கையிலும் ஒவ்வொரு பழம், ஒரு சுற்று, காம்புப் பக்கம் கட்டைவிரலால் ஓர் அழுத்து. நல்லது மேலே இருக்கும் பெட்டிக்குப் போகும், கெட்டது மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குப் போகும். என் மருமகள் மேசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பொறுக்குவாள். யார் கை சுணங்கினாலும் அங்கே இவள் கை இருக்கும். சில வருஷத்தில் பெண்களுக்கெல்லாம் அவள் மேஸ்திரி ஆனாள். கெட்ட பழத்தைப் போட்டு வைக்கிற பின் அறையின் சாவியும் அவள் இடுப்புக்கு வந்தது.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. வாங்க வருகிறவர்கள் காதில் ‘அழுகல்’ என்ற சொல் விழக்கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. அதனால் பெண்கள் கெட்டுப்போன பழத்தைப் ‘போனது’ என்பார்கள். பல்பு போயிடுச்சு, மோட்டார் போயிடுச்சு என்று சொல்வோமே, அந்தப் போனது. கெட்ட பெட்டிக்கு முதலில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுப் பார்த்தார்கள். லாரிக்காரர்கள் அதை ஏற்றி முடித்ததற்கு அடையாளம் என்று நினைத்துக் குழப்பினார்கள். அப்போதுதான் என் மருமகள், தன்னோடு வீட்டுக்கு வந்த பாதி எழுத்துகளிலிருந்து ஒன்றை எடுத்து, ‘போ’ என்று எழுத ஆரம்பித்தாள். போனது என்பதற்கு ‘போ’. நல்ல பெட்டிக்கு அடையாளமே கிடையாது. நல்லதுக்கு எதற்கு?

கிடங்குப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. பால் திரிந்தால் பாத்திரத்தின் மேல் ‘போ’. குடை உடைந்தால் பிடியில் ‘போ’. ஒருநாள் காலை நான் எழுந்து கதவைத் திறந்தால், என் அறை வாசலில் என் பீங்கான் ஜாடி இருந்தது. சர்க்கரைப் பாகில் எலுமிச்சைத் தோலைப் போட்டு நான் ஆசையாக வைத்திருந்த ஜாடி. அதன் வயிற்றில் வெள்ளையாக ஏதோ எழுதியிருந்தது. எனக்கு எழுத்து வாசனை கிடையாது. கீழ்வீட்டுத் தையற்காரரிடம் தூக்கிக்கொண்டு போய்ப் படிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ‘போ’ன்னு போட்டிருக்கு என்றார். யாரைப் போகச் சொல்கிறது என்று கேட்டேன். உங்க வாசல்ல இருந்தா உங்களைத்தான் இருக்கும் என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னது. எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. துணிமணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கட்டடத்தில் மேலே ஏறுகிறவர்களும் கீழே இறங்குகிறவர்களும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன்.

அவள் வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, படியிலேயே நின்று சொன்னாள்.

“ஜாடியில பூஞ்சை பிடிச்சிருச்சு அத்தை. போனதுன்னு எழுதி வச்சேன். கொட்ட நேரமில்லை.”

“ஜாடிக்குப் படிக்கத் தெரியுமா? எனக்குத்தானே எழுதி வச்சே?”

“உங்களுக்கும்தான் படிக்கத் தெரியாதே அத்தை.”

அதற்குப் பிறகு அவளோடு நான் பேசவில்லை. தினமும் ஒரு கமலாவை உரித்துச் சுளை சுளையாக என் பாய்க்கு அருகில் வைத்துவிட்டுப் போனாள். சுளையைத் தின்றேன், பேசவில்லை. பிறகு எப்படியோ பேச்சு வந்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் சொல்கிறேன், என் வாசலில் அப்படி எழுதி வைத்தது தப்புதான். அந்தச் சண்டையில் எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அந்த எழுத்தின் முகம் எனக்குப் பழகிவிட்டது. முன்னால் சுழித்த ஒரு கொம்பு, நடுவில் மூடி இல்லாத பெட்டி மாதிரி ஒன்று, பின்னால் ஒரு கால். எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன்.

அதற்கு அடுத்த கோடையில் கிடங்கின் குளிர் அறை இயந்திரம் நின்றுபோனது. ரிப்பேர்காரர் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று இழுத்தார். உள்ளே இருந்த கமலாப் பழமெல்லாம் தொட்டால் விரல் இறங்குகிற பதத்துக்கு வந்து, மேலே பச்சைப் பொடி பூத்துவிட்டது. பெண்கள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பொறுக்கினார்கள். ‘போ’ எழுதிய பெட்டிகள் பின் அறையில் கூரை வரைக்கும் ஏறின. முதலாளி வெளியூரில் இருந்தார். அவருடைய பெண்டாட்டியின் தம்பிதான் பொறுப்பில் இருந்தான். முதலாளிக்கு மச்சான் என்பதால் கிடங்கில் எல்லாருக்குமே அவன் மச்சான். என் மருமகள் அவனிடம் போய்க் குப்பை வண்டியைக் கூப்பிடச் சொன்னாள்.

“பொறும்மா. ஜூஸ் போடறவன் ஒருத்தன் வரேன்னிருக்கான். பிழிஞ்சா எல்லாம் ஒரே நிறம்தான்.”

அவள் சாவியை இடுப்பில் இன்னும் உள்ளே செருகிக்கொண்டாள். அவன் குப்பை வண்டியைக் கூப்பிடவில்லை. அவள் அறையைத் திறக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பழம் ஊறிக்கொண்டு கிடந்தது. வீட்டுக்கு வந்து கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இதைச் சொன்னாள். சாவியை அவன் மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டு வா என்றேன். விட்டெறிந்தால் அவன் திறந்துவிடுவான் அத்தை என்றாள்.

பக்கத்தில் மெத்தைக் கடை. பின் அறையின் நாற்றம் சுவர் வழியாக அங்கே இறங்கி மெத்தையிலெல்லாம் ஏறியிருக்கிறது. கடைக்காரர் புகார் கொடுத்துவிட்டார். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். தலைமை தாங்கி வந்தது ஒரு பெண். ஒல்லியானவள், தலைக்கு உறை, கைக்கு உறை, சிரிப்பில்லாத முகம். பின் அறையைத் திறக்கச் சொல்லி, மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் உள்ளே போனாள் என்று என் மருமகளே மெச்சிச் சொன்னாள்.

“இது என்ன சரக்கு?”

“போனதுங்க.”

“எங்கே போனது?”

“எங்கேயும் போகலைங்க. இங்கேதான் இருக்கு.”

“இங்கே இருக்கிறது எப்படிம்மா போனதாகும்?”

“இங்கேயே போயிடுச்சுங்க.”

கூட வந்த உதவியாளர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் பெட்டி மேல் இருந்தது. ஒன்று விடாமல் எல்லாப் பெட்டியிலும் சாக்பீஸால் ‘போ’. அனுப்புவதற்குப் போட்ட குறியா, எழுதினது யார் என்று கேட்டாள். என் மருமகள் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டான். பெட்டியில் எழுதுவதெல்லாம் அந்த அம்மாதான், சாவியும் அந்த அம்மாவிடம்தான் என்றான். இரண்டும் உண்மைதான். பொய்யாக இருந்தால் மறுக்கலாம், உண்மையை என்ன செய்வது?

கெட்ட பழத்தை ஒதுக்கிக் கொட்ட வைத்திருந்தால் அது ஒரு தவறு, அபராதத்தோடு முடியும். கெட்ட பழத்தை விற்க அனுப்புவதற்காக அடுக்கி வைத்திருந்தால் அது வழக்கு. அனுப்பச் சொல்லி எழுதியவள் பெயர் அதில் முதலில் வரும். அதிகாரி இதை மறைக்காமல் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். பெட்டிகளைப் படம் பிடித்தார்கள். கொஞ்சம் பழத்தைப் பைகளில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். மற்ற எல்லாவற்றையும் பறிமுதல் என்று எழுதிக் கயிறு கட்டினார்கள். விசாரணைக்கு வரும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள், பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன், அதை இப்போது அடித்து மாற்ற முடியாது என்றாளாம் அந்த அதிகாரி.

அழுகின பழத்தை அதிக நாள் வைத்திருக்க முடியாதே. ஊருக்கு வெளியே குப்பை கொட்டுகிற பள்ளத்தில் போட்டு அழித்தார்கள். சாவி வைத்திருந்தவள் என்பதால் இவளும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நானும் போனேன், வரவேண்டாம் என்று சொன்னதால் போனேன். லாரியிலிருந்து பழம் சரிந்து பள்ளத்தில் உருண்டது. மண் தள்ளும் வண்டி ஒன்று பின்னாலேயே உறுமிக்கொண்டு காத்திருந்தது. ஒரு கமலா உருண்டு உருண்டு இவள் காலடியில் வந்து நின்றது. சட்டென்று குனிந்து எடுத்துவிட்டாள். ஒரு சுற்று, காம்புப் பக்கம் ஓர் அழுத்து. கை வைக்காதீங்கம்மா என்று அதிகாரி சொன்ன பிறகுதான் தன் கையில் பழம் இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. பள்ளத்தில் போட்டுவிட்டாள். முந்தானையில் கையைத் துடைத்தவள், வீடு வந்து சேரும் வரைக்கும் துடைத்துக்கொண்டே வந்தாள்.

முதலாளி ஊரிலிருந்து வந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்.

“தெரியாம அனுப்ப வச்சேன்னு நீ ஒத்துக்கோம்மா. படிக்காத பொண்ணுன்னு லேசா விட்டுடுவாங்க. உன்னை நான் கைவிட மாட்டேன்.”

அதை என்னிடம் சொன்னபோது அவள் கை ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணியைப் பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தது. ஒத்துக்கொண்டால் கிடங்கு நிலைக்கும், பெண்களுக்கு வேலை நிலைக்கும் என்றாள். உன் பெயர் நிலைக்குமா என்று கேட்டேன். கட்டிலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்தினாள், மறுநாள் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். பகலில் தூங்குகிற என் மகன் கட்டிலோடு சேர்ந்து நகர்ந்தான். ஒருமுறை கண்ணைத் திறந்து, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டான். நீங்க தூங்குங்க என்றாள். அவன் சொன்ன சொல் தட்டாதவன்.

விசாரணைக்கு முதல்நாள் நான் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். அவள் தரையில் குந்தியிருந்தாள். கையில் சாக்பீஸ். எழுதுவதும் காலால் அழிப்பதும், திரும்ப எழுதுவதுமாக இருந்தாள். கொம்பு, மூடியில்லாத பெட்டி, கால்.

“இது என் ஜாடி எழுத்து இல்லையா?” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் சொல்வது எனக்கே அப்போதுதான் உறைத்தது. இந்த எழுத்துக்குக் கெட்டுப்போனது என்று அர்த்தம் என்பது கிடங்குக்கு வெளியே ஒரு கட்டடத்துக்கே தெரியும். அதற்காக நான் படியில் மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு நானும் வருகிறேன் என்றேன்.

“வேண்டாம் அத்தை. வீட்டுச் சண்டையை ஆபீஸ்ல கொண்டுபோய் அவிழ்க்கறதா? சிரிப்பாங்க.”

“சண்டை என்னுது. நான் எங்கே வேணும்னாலும் அவிழ்ப்பேன்.”

தையற்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடேயே வந்தார். அலுவலக வாசலில் இருந்த சேவகர் என்னைத் தடுத்து, நீங்க யாரு பாட்டி, சாட்சியா என்றார். மாமியார் என்றேன். அப்போ எதிர்க்கட்சிச் சாட்சிதான் என்று சொல்லி, சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

நீளமான அறை. மேசைக்கு அந்தப் பக்கம் வழுக்கைத் தலையோடு ஒரு பெரிய அதிகாரி, அவர் பக்கத்தில் அந்த ஒல்லிப் பெண். இந்தப் பக்கம் முதலாளியும் மச்சானும். என் மருமகளுக்கு நாற்காலி போட்டிருந்தும் அவள் நின்றுகொண்டிருந்தாள். இழுப்பறையின் குமிழ் ஒன்று அவள் விரல்களுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. நான் ஜாடிக் கதையை முதலிலிருந்து சொன்னேன். பூஞ்சையைச் சொன்னேன், மூட்டையைச் சொன்னேன், சுளையை மட்டும் தின்றுவிட்டுப் பேசாமல் இருந்ததையும் சொன்னேன். இதற்கும் பழத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பெரிய அதிகாரி கேட்டார். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். இது எப்போது நடந்தது என்று தையற்காரரைக் கேட்டாள்.

“போன மழைக்காலத்துலங்க. நான்தான் படிச்சுச் சொன்னேன். இந்த அம்மா படியில உக்காந்ததால நான் சுத்தித்தான் கடைக்குப் போனேன்.”

அந்த அதிகாரிப் பெண் ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். அந்த எழுத்து இதில் இருக்கிறதா என்றாள். விரலை வைத்துக் காட்டினேன். இன்னொரு படம் வைத்தாள். தேடித் தேடிப் பார்த்தேன்.

“இதுல ஒண்ணும் இல்லையேம்மா. இது நல்ல பெட்டி.”

அப்போதுதான் அவள் சிரித்தாள். பெரிய அதிகாரியின் பக்கம் சாய்ந்து, விற்க அடுக்குகிறவர்கள் மேல் வரிசையில் நல்ல பழமாக வைப்பார்கள், ‘போ’ போட்ட பெட்டியில் மேலேயும் அழுகல் அடியிலும் அழுகல், அன்றைக்கே எனக்கு இது உறுத்தியது, இந்த எழுத்துதான் குறுக்கே நின்றது என்று விளக்கினாள். பிறகு என் மருமகளிடம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

“கெட்டதுன்னு தெரிஞ்சும் ஏம்மா உடனே கொட்டலை?”

முதலாளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கைவிட மாட்டேன் என்று சொன்ன அதே பார்வை. கிடங்கும் அந்தப் பெண்களும் அவள் கண் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். இழுப்பறைக் குமிழ் சுற்றிச் சுற்றி அவள் கையோடு கழன்று வந்தது. அதை மேசை மேல் வைத்தாள்.

“குப்பை வண்டி கேட்டேங்க. வேண்டாம்னாங்க. யார்னு நான் சொல்லணுமா, அவங்களே சொல்றாங்களா?”

மச்சான் தன் செருப்பைப் பார்த்தான். முதலாளி மச்சானைப் பார்த்தார். அதிகாரி எழுத ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் என் மருமகள் குமிழைத் திரும்ப எடுத்து இழுப்பறையில் திருகி மாட்டிவிட்டாள்.

விற்க வைத்திருந்தாள் என்ற இடத்திலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். கொட்டாமல் வைத்திருந்ததற்கு முதலாளிக்கு அபராதம். மச்சானுக்குத் தனியாக நோட்டீஸ். கிடங்கைக் கழுவிச் சுத்தம் செய்து காட்டிய பிறகு திறக்கலாம் என்றும், இனிமேல் கெட்ட பெட்டியில் ‘அழுகல், விற்பனைக்கு அல்ல’ என்று சிவப்பில் முழுசாக எழுத வேண்டும் என்றும் உத்தரவு. அன்று சாயங்காலமே முதலாளி சாவியைக் கேட்டார். இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டில் நடக்கும்போது அடிக்கடி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கிடங்கு திறந்தது, பெண்களுக்கு வேலை இருந்தது. அவளுக்கு மட்டும் இல்லை.

வீட்டில் எத்தனை நாள் அவளால் இருக்க முடியும்? எங்கள் கொண்டியெல்லாம் என்ன ஆவது? இரண்டு தெரு தள்ளி எலுமிச்சைக் கிடங்கு ஒன்றில் போய் வேலை கேட்டாள். அங்கே இருந்தவர், நீங்கதானே அந்த ‘போ’ அம்மா என்றாராம். ஆமாம் என்றாள். மேசை அங்கேயும் சாய்வு மேசைதான்.

அங்கே எழுதுவதற்காக இப்போது சமையலறைத் தரையில் பழகுகிறாள். ‘அழுகல்’ என்ற சொல்லில் நடுவில் வருகிற ‘ழு’ அவளுக்கு மடங்க மாட்டேன் என்கிறது. சுழிக்க வேண்டிய இடத்தில் நீட்டிவிடுகிறாளாம், தையற்காரர் சொன்னார். நேற்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“சரியா இருக்கா அத்தை?”

“எனக்குத் தெரிஞ்ச எழுத்து இதுல எங்கேயும் இல்லை. கிடங்குல நீ என்ன வேணும்னாலும் எழுதிக்கோ. என் சாமானுக்கு மட்டும் பழையபடி போடு.”

“போடறேன். ஆனா வாசல்ல வைக்க மாட்டேன்.”

“வச்சுத்தான் பாரேன்” என்றேன்.

அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். கதவுக் கொண்டி ஆடுகிறதாம்.